தைமஸ்: ஒரு பெயரும் அதன் வேலையும்

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் வரும் ‘டி செல்’லின் டி, தைமஸ் என்ற உறுப்பின் ஆங்கில முதலெழுத்து. தைமஸ் கிரேக்கச் சொல். துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த தைம் செடியின் மொட்டுப்போல இருந்ததால் வந்த பெயர் என்பார்கள். உள்ளம், உயிர்த்துடிப்பு என்று பொருள்படும் ‘துமோஸ்’ என்ற சொல்லோடு சேர்ப்பாரும் உண்டு. இளமையில் பெரிதாக இருந்து வயதானபின் சுருங்குவதைப் பண்டைய மருத்துவர் காலன் குறித்துவைத்தார். அதன் வேலை மட்டும் பிடிபடவில்லை.

1912இல் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்கு விலங்குச் சுரப்பிகளை உணவாகக் கொடுத்தார். தைராய்டு தின்றவை சீக்கிரமே தவளையாயின. தைமஸ் தின்றவை உருமாறத் தாமதித்தன. இதனால் தைமஸை வளர்ச்சிச் சுரப்பியாகக் கருதவும் இடம் ஏற்பட்டது. 1961இல் ஜாக் மில்லர், பிறந்த சுண்டெலிக் குட்டிகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். அவை அயல் தோலை ஒட்டினாலும் ஏற்றுக்கொண்டன. தொற்றுக்கு எளிதில் இரையாயின. தைமஸ் நோய் எதிர்ப்பின் உறுப்பு என்பது அப்போதுதான் தெளிவானது.

அந்த வேலையைக் கண்ணெதிரே காட்டுவது ஆப்பிரிக்க நகத் தவளை, செனோபஸ். அதன் தலைப்பிரட்டையின் தோல் கண்ணாடி போன்றது; இரு கண்களுக்கும் பின்னால் தைமஸ் சிறு புள்ளியாகத் தெரியும். சில நாள் வயதிலேயே அதை எடுத்துவிட்டால், வளர்ந்த தவளைக்கு அயல் தோலை வேகமாகத் தள்ளும் திறன் இருக்காது.

தைமஸில் முதிரும் டி செல்களில், சொந்த உடலையே தாக்கக்கூடியவை பெரும்பாலும் அங்கேயே அழிக்கப்படும். தலைப்பிரட்டைக்கோ உடலே மாறிவிடுகிறது: வால் கரைகிறது, ஹீமோகுளோபின்கூட வேறு வகையாகிறது. பழைய செல்களுக்கு இந்தப் புதிய புரதங்கள் அந்நியம். எனவே உருமாற்றத்தின்போது தைமஸ் தன்னிடமுள்ள லிம்போசைட்டு எனும் வெள்ளணுக்களில் பெரும்பகுதியை இழந்து, செவிப்பறைப் பக்கம் நகர்ந்து, புதிய முன்னோடிச் செல்களால் மீண்டும் நிரம்புகிறது. ‘நான் யார்’ என்பதைத் தவளை இரண்டாம் முறை கற்கிறது.

அந்த இடைக்காலத்தில் எதிர்ப்புத் திறன் தளர்ந்திருக்கும். கைட்ரிட் பூஞ்சை பரவும் இடங்களில் புதிதாக உருமாறிய குட்டித் தவளைகள் அதிகம் மடிவதற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது.

ஆசிரியர்களே, தைமஸ் என்றால் வயதில் சுருங்கும் சுரப்பி என்பதோடு பாடத்தை முடித்துவிடாதீர்கள். தன்னையும் பிறரையும் பிரித்தறியச் செல்களைப் பழக்கும் உறுப்பு என்பதே அந்தச் சொல்லின் இன்றைய பொருள்.