பைன் பிசின் வடிப்புத் தொழிலின் வீழ்ச்சி: இமயமலைக் காடும் காஞ்சிபுரக் கற்பூரமும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு தொழிலின் வீழ்ச்சியை அதன் விளைபொருளுக்குரிய தேவை குறைந்ததன் விளைவாகக் காண்பது வழக்கம். இமயமலைச் சரிவுகளில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நிலைபெற்றிருந்த பைன் பிசின் வடிப்புத் தொழிலுக்கு இவ்விளக்கம் முழுமையாகப் பொருந்தவில்லை. கற்பூரத் தொழில் தமிழகம்வரை பரவிய காலத்திலேயே உள்நாட்டுப் பிசின் உற்பத்தி சுருங்கியது. காட்டின் மீதான உரிமை, வடிப்பு முறை, பிசினின் வேதித்தன்மை, இறக்குமதி விலை ஆகிய நான்கும் இணைந்தே இவ்வீழ்ச்சியை உருவாக்கின என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: பைன் பிசின், டர்பன்டைன், ரோசின், கற்பூரம், குமாவுன், காஞ்சிபுரம்

முன்னுரை

பைன் மரத்தின் பட்டையைச் சீவினால் வடியும் பிசினைக் காய்ச்சி வடிக்கும்போது இரு பொருள்கள் கிடைக்கின்றன. ஆவியாகிக் குளிர்ந்து சேர்வது டர்பன்டைன் எண்ணெய். கலத்தில் எஞ்சி இறுகுவது ரோசின். ரோசின் காகிதம், சோப்பு, மை, பசை ஆகியவற்றின் உற்பத்திக்கும், டர்பன்டைன் வண்ணப்பூச்சுக்கும் மருந்துக்கும் பயன்பட்டன. தமிழகத்தில் பைன் மரங்கள் கொடைக்கானல், நீலகிரி மலைகளில் நட்டு வளர்க்கப்பட்டவையே. இங்குப் பிசின் வடிப்பு பெருந்தொழிலாக வளரவில்லை. எனினும் கோயில்களிலும் இல்லங்களிலும் ஏற்றப்படும் கற்பூரத்தின் வழியே தமிழ் வாழ்வு இத்தொழிலோடு தொடர்புற்றது. அத்தொடர்பை விளக்கிய பின்னரே வீழ்ச்சியின் பொருளை முழுமையாக மதிப்பிட இயலும்.

கற்பூரமும் அதன் மூலப்பொருளும்

இடைக்காலத்தில் உயர்ந்த கற்பூரம் சுமத்திரா, போர்னியோ தீவுகளின் காட்டு மரங்களிலிருந்து எடுக்கப்பட்டது. சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ் அவ்வணிகத்தில் புகழ்பெற்ற துறைமுகம். அதன் அருகே லோபு துவா என்னுமிடத்தில் கிடைத்த, சக ஆண்டு 1010க்குரிய (கி.பி. 1088) தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் அங்கு நிலைகொண்டிருந்ததைக் காட்டுகிறது. கல்வெட்டு பேசுவது கற்பூரத்தைப் பற்றியன்று. கப்பல் வணிகர் செலுத்த வேண்டிய கட்டணத்தைப் பற்றியது. ஆயினும் கற்பூரத்துக்குப் பெயர்பெற்ற துறையில் தமிழ் வணிகர் அமைப்பாக இயங்கியதற்கு அது உறுதியான சான்றாகும்.

பிற்காலத்தில் சீனம், ஜப்பான், தைவான் ஆகிய பகுதிகளில் வளரும் வேறொரு மரத்தின் கற்பூரம் சந்தையைப் பிடித்தது. 1899இல் ஜப்பானிய அரசு தைவானின் கற்பூர வணிகத்தைத் தன் தனியுரிமையாக்கியது. கற்பூரத்தின் விலையும் வரவும் ஓர் அரசின் கையில் சிக்கிய நிலையில், மாற்று வழிக்கான தேடல் வலுப்பெற்றது. டர்பன்டைனில் உள்ள ஆல்ஃபா பைனீன் என்னும் சேர்மத்திலிருந்து கற்பூரம் செய்யும் முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் தொழில்முறையாக வளர்ந்தது. இந்தியாவில் 1960களில் பரேலி நகரில் அத்தகைய ஆலை இயங்கத் தொடங்கியது. தமிழகத்தில் 1992இல் நிறுவப்பட்ட காஞ்சி கற்பூரம் நிறுவனம் காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் இத்தொழிலை மேற்கொண்டது. இவ்வாறு கற்பூரத்தின் மூலம் கற்பூர மரத்திலிருந்து பைன் மரத்துக்கு இடம்பெயர்ந்தது.

காடும் அரசும்

இந்தியப் பைன் பிசினின் முதன்மை மூலம் இமயமலையின் கீழ்ச்சரிவுகளில் வளரும் சிர் பைன் மரமாகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குமாவுன் பகுதியில் வனத்துறை பிசின் வடிப்பைத் தொடங்கியது. பின்னர் ஐக்கிய மாகாணத்தின் பிசினுக்குப் பரேலியை அடுத்த கிளட்டர்பக்கஞ்சும், பஞ்சாப் மாகாணத்தின் பிசினுக்கு லாகூருக்கு அருகிலுள்ள ஜல்லோவும் ஆலை மையங்களாயின. பிரிவினையில் ஜல்லோ பாகிஸ்தானுக்குச் சென்றது. இமாசலப் பகுதியில் நாஹன், பிலாஸ்பூர் ஆலைகள் வளர்ந்தன.

இத்தொழிலின் வளர்ச்சி மலைமக்களின் உரிமை இழப்போடு பிணைந்திருந்தது. 1911 முதல் 1917 வரை குமாவுனில் பரந்த காடுகள் ஒதுக்கக் காடுகளாக்கப்பட்டன. புல்லுக்கும் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் அக்காடுகளை நம்பியிருந்தோர் கட்டுப்பாட்டுக்குள் வந்தனர். 1921இல் அப்பகுதியின் பைன் காடுகள் பரவலாகத் தீக்கிரையாயின; பிசின் சேமிப்புகளும் எரிந்தன. அதே ஆண்டு குமாவுன் வனக் குறைதீர்க் குழு அமைக்கப்பட்டது. அரசுக்கு வருவாய் தரும் மரம், மக்களுக்கு உரிமை மறுப்பின் அடையாளமாயிற்று என்பதையே இந்நிகழ்வு உணர்த்துகிறது.

விடுதலைக்குப் பின்னும் இம்முரண் நீங்கவில்லை. சண்டி பிரசாத் பட் முதலியோர் கோபேஸ்வரில் நிறுவிய தசோலி கிராம சுயராஜ்ய சங்கம் பிசினைக் காய்ச்சும் சிற்றாலை ஒன்றை நடத்தியது. உள்ளூர் அலகுகளுக்குப் போதிய பிசின் ஒதுக்கப்படவில்லை என்பதும், சமவெளிப் பெருநிறுவனத்துக்கு விலைச்சலுகை அளிக்கப்பட்டது என்பதும் அவர்களின் முறையீடுகள். 1971இல் கோபேஸ்வரில் வனக்கொள்கைக்கு எதிராக ஊர்வலம் நடந்தது. 1973இல் தொடங்கிய சிப்கோ இயக்கம் மரங்களைக் காப்பதற்கான போராட்டமாகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. அதன் முன்வரலாற்றில் பிசின் பங்கீடு குறித்த பூசலும் இருந்தது என்பது கருதத்தக்கது. 1976இல் உத்தரப் பிரதேசமும் 1981இல் இமாசலப் பிரதேசமும் சட்டம் இயற்றிப் பிசின் வணிகத்தை ஒழுங்குபடுத்தின. தனியார் இடைத்தரகு கட்டுக்குள் வந்தபோதிலும், மூலப்பொருளின் மீதான முடிவு காட்டூர்களின் கைக்கு வரவில்லை.

மரமும் உழைப்பும்

பழைய கிண்ண முறையில் அடிமரத்தின் பட்டையை நீக்கிக் கட்டையையும் செதுக்கி, கீழே உலோகத் தகடும் மண்கிண்ணமும் பொருத்துவர். வடிப்புப் பருவம் முழுவதும் காயத்தை அடுத்தடுத்துப் புதுப்பிப்பர். ஆழமான காயம் மரத்தை நலிவித்தது. காற்றில் முறிவதும், பிசின் ஊறிய பகுதி காட்டுத்தீயில் எளிதில் பற்றிக்கொள்வதும் நேர்ந்தன. ஒரு தலைமுறையின் வருவாய்க்காக அடுத்த தலைமுறையின் மரம் செலவாயிற்று. பின்னர் வந்த கீற்று முறை, மேலோட்டமாகக் கீறி நீர்த்த அமிலம் தெளிப்பது. மரத்துக்கு இதனால் தீங்கு குறைவு. ஆனால் தொடர்ந்த கண்காணிப்பும் பயிற்சியும் இதற்குத் தேவை. செங்குத்தான சரிவில் மரத்துக்கு மரம் சென்று பிசின் சேர்க்கும் வேலையோ பருவக் கூலியாகவே நீடித்தது. நிலையான வருவாய் தராத இவ்வேலையில் இளையோரை நிறுத்திவைக்க இயலவில்லை.

சந்தையும் வேதியியலும்

1990களில் உலகப் பிசின் ரோசின் உற்பத்தியில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு சீனாவுடையது. அதன் விலைக்கு முன் பிரான்சின் லாண்ட் பகுதி, போர்ச்சுக்கல் ஆகியவற்றின் வடிப்புத் தொழில்களும் தளர்ந்தன. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் காகித ஆலைகளின் துணைப்பொருளாகக் கிடைத்த டர்பன்டைனும் ரோசினும் மரத்தைச் சீவும் தொழிலை ஏற்கெனவே பின்தள்ளியிருந்தன. வண்ணப்பூச்சில் டர்பன்டைனின் இடத்தைப் பெட்ரோலியக் கரைப்பான்கள் பெற்றன. 1991க்குப் பின் இந்திய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது, உள்நாட்டுப் பிசின் இப்போட்டியை நேரடியாக எதிர்கொண்டது.

இவற்றோடு குறைவாகப் பேசப்படும் காரணம் ஒன்று உண்டு. சிர் பைன் டர்பன்டைனில் கற்பூரத்துக்குரிய ஆல்ஃபா பைனீன் குறைவு. கேரீன் என்னும் சேர்மமே மிகுதி. இந்தோனேசியாவின் மெர்குசி பைன் டர்பன்டைனில் பைனீனே முதன்மை. ஆகவே கற்பூரத் தேவை வளர்ந்தபோது அதன் பயன் இமயமலைக் காடுகளைவிட அயல்நாட்டுத் துறைமுகங்களுக்கே மிகுதியாகச் சென்றது. உள்நாட்டு ஆலை, உள்நாட்டு நுகர்வு, அயல்நாட்டு மரம் என்னும் அமைப்பு உருவாயிற்று.

முடிவுரை

வண்ணப்பூச்சுத் துறையில் தேவை குறைந்தது உண்மையே. ஆனால் ரோசினும் கற்பூரமும் இன்றும் வேண்டப்படுகின்றன. எனவே வீழ்ந்தது பொருளின் தேவையன்று. அப்பொருளைத் தந்த காடு, உழைப்பு, ஆலை ஆகியவற்றுக்கு இடையிலான உறவேயாகும். காட்டை வருவாயாகவும், வடிப்போரைப் பருவக் கூலிகளாகவும் மட்டும் கண்ட அமைப்பு, மலிவான இறக்குமதி வந்தபோது தாங்கும் வலிமையை இழந்திருந்தது. மெர்குசி பைனின் தாயகங்களுள் சுமத்திராவும் ஒன்று. பாருஸ் துறையில் தமிழ் வணிகர் கல்வெட்டுப் பொறித்துவைக்கும் அளவுக்கு நிலைபெற்றிருந்தனர். இன்றைய நுகர்வோர்க்குத் தாம் ஏற்றும் கற்பூரம் எந்த மரத்தின் காயத்திலிருந்து வந்தது என்பது தெரிவதில்லை. தமிழகப் பொருள்சார் பண்பாட்டு வரலாறு வழிபாட்டுப் பொருளின் பயன்பாட்டோடு நில்லாமல், அதன் மூலப்பொருளையும் அதை வடித்த உழைப்பையும் ஆய்வுக்குள் கொண்டுவர வேண்டியது இன்றியமையாதது.