மிச்சிகன் ஏரியின் புகையிரதக் கப்பல்களும் அவற்றின் உழைப்பாளரும்

சிக்காகோவின் நெரிசல்மிக்க புகையிரத முற்றங்களைத் தவிர்த்து, சரக்குப் பெட்டிகளைக் கப்பலேற்றி மிச்சிகன் ஏரியைக் குறுக்கே கடக்கும் முறையை 1892இல் ஆன் ஆபர் புகையிரதக் கம்பனி தொடக்கிவைத்தது. சரக்கை இறக்கி ஏற்றும் கூலி இதனால் மீதமாயிற்று. எனினும் அவ்வுழைப்பு முற்றாக மறையவில்லை. அதன் ஒரு பகுதி கப்பற்றளத்துக்கு இடம்பெயர்ந்தது என்றே நாம் கருதுகின்றோம். தளத்திலுள்ள தண்டவாளங்களிற் பின்புறமாகத் தள்ளி ஏற்றப்பட்ட பெட்டிகளை மாலுமிகள் ஜாக்கிகளாலும் சங்கிலிகளாலும் இறுகப் பிணித்தனர். ஏற்றுகையில் ஒரு பக்கம் பாரம் மிகுந்தால் கப்பல் துறையிலேயே சரியும். நடு ஏரியிற் பிணைப்பு அறுந்தாலோ பெட்டியே கப்பலை உடைக்கும். பனிக்கட்டி உறைந்த மாரியிலும் ஓட்டம் நிற்கவில்லை. துறையில் நிற்குங் கப்பல் வருவாய் ஈட்டாதல்லவா?

1929 ஒக்டோபர் 22ஆந் திகதி, புயலின் நடுவே மில்வாக்கித் துறையினின்றும் புறப்பட்ட ‘மில்வாக்கி’ என்னுங் கப்பல் எவருந் தப்பாது மூழ்கியது. பின்னர் கண்டெடுக்கப்பட்ட கப்பற் கணக்காளரின் குறிப்பு, பின்புற அலைதடுப்புக் கதவு வளைந்து நீர் புகுவதைக் கூறி, ஆட்டொகை சென்ற சம்பள நாளில் இருந்தவாறே ஏறத்தாழ உள்ளதென முடிகின்றது. மாண்டோர் பற்றிய இறுதிச் சான்று சம்பளப் பதிவையே சார்ந்து நின்றமை கவனிக்கத்தக்கது. அவர்தம் தொகையை நூல்கள் இன்றும் வெவ்வேறாகவே தருகின்றன. அதற்கு ஈடாக 1931இற் சேவைக்கு வந்த ‘சிற்றி ஒவ் மில்வாக்கி’ இப்போது மானிஸ்டீயில் நூதனசாலையாக நிற்கின்றது.