ஒரு குடித்தனம், குடும்பம் பூஜ்யம்

"வீட்டில் யாரும் இல்லைங்க."

ரேஷன் அட்டையைச் சரிபார்க்க வந்தவரிடமும் வரி ரசீது கொண்டுவந்தவரிடமும் கதவைத் திறந்த பெண் இப்படிச் சொல்லி நாம் கேட்டிருக்கிறோம். நம்மில் பலர் சொல்லியும் இருக்கிறோம். அடுப்பில் உலை கொதிக்கும், உள்ளே குழந்தை தூங்கும், திண்ணையில் மாமியார் உட்கார்ந்திருப்பார். ஆனாலும் வீட்டில் யாரும் இல்லை. அந்த 'யாரும்' என்ற சொல்லில் சொல்பவளுக்கே இடம் கிடையாது. அரசுகளின் ஏடுகளும் நெடுங்காலம் இப்படித்தான் வீடுகளை எண்ணின. அந்த எண்ணிக்கையின் வரலாற்றைப் படிக்க, வீட்டில் உண்மையிலேயே வேறு யாரும் இல்லாத ஒரு பெண்ணிடமிருந்து தொடங்கலாம்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், வடக்கு எல்லையை ஒட்டிய பாய்ட் மாவட்டத்தில் மொனோவை என்று ஓர் ஊர் இருக்கிறது. சட்டப்படி அது தனி நிர்வாகம் உள்ள ஊர். 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதன் அட்டவணை இப்படி இருந்தது: மக்கள்தொகை 1. ஆண்கள் 0 சதவீதம், பெண்கள் 100 சதவீதம். குடித்தனங்கள் 1. அந்தக் குடித்தனங்களில் 65 வயதைக் கடந்த ஒருவர் தனியே வாழ்பவை 100 சதவீதம். குடும்பங்கள் 0.

அந்த ஒரே ஆள் எல்சி ஐலர். கணவர் ரூடி 2004இல் இறந்த பிறகு ஊரில் அவர் மட்டும் இருந்தார். ஊர்த் தலைவர், எழுத்தர், பொருளாளர், நூலகர், மதுக்கடை உரிமையாளர் எல்லாம் அவரே. கடைக்கு உரிமம் கேட்டு எழுதுபவரும் அவர். ஊர் நிர்வாகத்தின் சார்பில் அதை வழங்குபவரும் அவர். நாலு தெருவிளக்கு எரியவும் தண்ணீர் வரவும் தன்னிடமிருந்தே ஆண்டுக்கு ஏறத்தாழ 500 டாலர் வரி வசூலித்துக்கொண்டார். செய்தியாளர்கள் இதை வேடிக்கையாக எழுதினார்கள். வேடிக்கைதான். ஆனால் அந்த அட்டவணையின் கடைசி வரியில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். குடும்பங்கள், பூஜ்யம்.

2000ஆம் ஆண்டுக் கணக்கில் மொனோவையின் மக்கள்தொகை 2, குடித்தனம் 1, குடும்பம் 1. ரூடி போனதும் ஆள் கணக்கில் ஒன்று குறைந்தது. குடும்பக் கணக்கு முழுவதும் போயிற்று. அமெரிக்கக் கணக்கெடுப்பின் வரையறைப்படி, பிறப்பாலோ மணத்தாலோ தத்தாலோ உறவுடைய இருவர் ஒரே வீட்டில் வாழ்ந்தால்தான் அது குடும்பம். தனியே வாழ்பவருக்குக் குடித்தனம் உண்டு, குடும்பம் கிடையாது. எல்சிக்குப் பிள்ளைகள் உண்டு. அவர்கள் வேறு ஊர்களில் எண்ணப்பட்டார்கள். எல்சி இறந்து ரூடி எஞ்சியிருந்தாலும் கணக்கு இதேதான் என்று வாதிடலாம். வரையறை ஆண் பெண் பார்ப்பதில்லை என்பது சரி. ஆனால் 'குடும்பம்', 'தலைவர்' என்ற சொற்கள் எங்கிருந்து அந்தப் படிவத்துக்கு வந்தன என்று பார்த்தால், அவை ஒருபோதும் நடுநிலையாக இருந்ததில்லை என்பது தெரியும்.

அமெரிக்காவின் முதல் கணக்கெடுப்பு 1790இல் நடந்தது. அதில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மற்றவர்கள் எண்களாக நின்றார்கள். சுதந்திர வெள்ளை ஆண்களுக்கு இரண்டு கட்டங்கள்: 16 வயதும் அதற்கு மேலும், 16க்குக் கீழே. எத்தனை பேர் போருக்கும் உழைப்புக்கும் தேறுவார்கள் என்று அரசுக்குத் தெரிய வேண்டியிருந்தது. சுதந்திர வெள்ளைப் பெண்களுக்கு ஒரே கட்டம். தொட்டில் குழந்தையும் எண்பது வயதுப் பாட்டியும் அதற்குள்தான். அடிமைகளுக்கு வயதும் இல்லை, ஆண் பெண் வேறுபாடும் இல்லை. பிரதிநிதித்துவக் கணக்கில் அவர்கள் ஒவ்வொருவரும் ஐந்தில் மூன்று பங்கு ஆள். 'வரி செலுத்தாத இந்தியர்கள்' அந்தக் கணக்கிலேயே சேரவில்லை.

1850இல்தான் சுதந்திர மக்கள் ஒவ்வொருவரின் பெயரும் ஏட்டில் ஏறியது. அடிமைகளுக்குத் தனி ஏடு. அதில் உடைமையாளரின் பெயர் இருந்தது, அடிமைப் பெண்ணின் பெயர் இல்லை. அந்த ஆண்டு தொழில் என்ன என்ற கேள்வி 15 வயதைத் தாண்டிய ஆண்களிடம் மட்டும் கேட்கப்பட்டது. 1860இல் அது பெண்களுக்கும் வந்தது. 1870இல் கணக்கெடுப்பாளர்களுக்கு ஒரு நுட்பமான உத்தரவு தரப்பட்டது: தன் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு 'வீடு பராமரிக்கிறார்' என்று எழுது, கூலிக்குப் பிறர் வீட்டைப் பார்ப்பவளுக்கு மட்டும் அதைத் தொழிலாக எழுது. வேலை ஒன்று. கூலி கைமாறினால் தொழில், இல்லாவிட்டால் இருப்பு நிலை. 1878இல் அமெரிக்காவின் பெண்கள் முன்னேற்றச் சங்கம் நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பியது. வீட்டைப் பேணும் கோடிக்கணக்கான பெண்களை உழைப்பவர்களாக எண்ணாத கணக்கெடுப்பை அது கண்டித்தது. இன்று நாம் பேசும் ஊதியமில்லா உழைப்பு பற்றிய வாதத்துக்கு இவ்வளவு வயது.

'தலைவர்' என்ற சொல் ஏட்டோடு நிற்கவில்லை. அது நிலத்தையும் தந்தது. 1862இன் குடியேற்ற நிலச் சட்டப்படி, 21 வயதான எவரும் அல்லது ஒரு குடும்பத்தின் தலைவராக இருப்பவர் 160 ஏக்கர் வரை கேட்டுப் பெறலாம். ஐந்து ஆண்டு அங்கே குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம். நெப்ராஸ்கா பெருமளவு இந்தச் சட்டத்தால் நிரம்பிய மாநிலம். மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் கணவனால் கைவிடப்பட்டவர்களும் இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தம் பெயரில் நிலம் வாங்கினார்கள். கணவனோடு வாழும் மனைவியால் முடியவில்லை. அவள் தலைவர் அல்ல. புல்வெளியில் அவளும் சேர்ந்து மண்கட்டி வீடு கட்டினாள், கிணற்று நீர் சுமந்தாள், பிள்ளை பெற்றாள். பட்டா கணவன் பெயரில் வந்தது.

அந்த நிலம் அதற்குமுன் வெறுமையாகவும் இல்லை. நயோப்ராரா ஆறு மிசூரியில் கலக்கும் அந்தப் பகுதி பொன்கா மக்களின் தாயகம். 1877இல் அரசு அவர்களைத் தெற்கே வெகுதூரத்துக்கு நடத்திக்கொண்டுபோனது. வழியில் பலர் இறந்தார்கள். அவர்களுடைய தலைவர் ஸ்டாண்டிங் பேரின் மகளும் இறந்தாள். அவளை ஆங்கிலத்தில் குறித்த பெயரின் பொருள் புல்வெளி மலர். பின்னர் மகனும் இறக்க, அவன் உடலைச் சொந்த மண்ணில் புதைக்க ஸ்டாண்டிங் பேர் திரும்பி வந்தார், கைதானார். 1879இல் ஒமாஹா நகரில் நடந்த வழக்கில், இந்தியரும் சட்டத்தின் பார்வையில் ஓர் 'ஆள்' என்று நீதிமன்றம் முதன்முறையாகச் சொன்னது. அவர் குரலை ஆங்கிலத்தில் எடுத்துச்சொல்லி நகர் நகராகப் பயணம் செய்தவர் சூசெட் லா ஃப்ளெஷ் என்ற ஒமாஹா இனப் பெண். மொனோவை என்பது அங்கு மண்டிக்கிடந்த காட்டுப்பூக்களைக் குறிக்கும் பழங்குடிச் சொல் என்கிறார்கள். பூவின் பெயர் ஊருக்கு எஞ்சியது. அந்தச் சொல்லைப் பேசியவர்கள் அங்கே எஞ்சவில்லை.

1902இல் ரயில் பாதை வந்தபோது மொனோவை உருவானது. 1930இல் அங்கே 123 பேர் இருந்தார்கள். மளிகைக் கடைகள், உணவகம், சிறைகூட இருந்தன. பிறகு டிராக்டர் வந்தது. பல கைகள் செய்த வேலையைச் சில கைகள் செய்தன; சிறு பண்ணைகள் பெரிய பண்ணைகளில் கரைந்தன. கார் வந்ததும் சாமான் வாங்கப் பெரிய ஊருக்குப் போனார்கள். படித்த பிள்ளைகள் திரும்பவில்லை. அஞ்சலகம் மூடியது, கடைகள் மூடின, 1974இல் பள்ளிக்கூடமும் மூடியது. 1990இல் 6 பேர்.

இந்த இறங்குமுகத்தின் நடுவே, 1940இல், அமெரிக்கா முதன்முறையாக வீடுகளையும் தனியே எண்ணியது. தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள்ளா வெளியேவா, கழிப்பறை உண்டா, சமைக்க எது எரிகிறது, உணவைக் குளிர்விக்க என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். நாடு முழுவதிலும் ஏறத்தாழ பாதி வீடுகளில் குழாய்நீர், குளியல், கழிப்பறை என்ற மூன்றும் முழுமையாக இல்லை என்று தெரியவந்தது. வீட்டுவசதிப் புள்ளிவிவரம் என்று நாம் சலிப்போடு தாண்டிப்போகும் பக்கம் இது. ஆனால் குழாய் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு விடை சொல்வது ஒரு பெண்ணின் இடுப்பு. அடுப்பில் என்ன எரிகிறது என்பதற்கு அவள் நுரையீரல். நம் நாட்டின் வீட்டுப்பட்டியல் கணக்கெடுப்பும் குடிநீர் வளாகத்துக்குள்ளா, அருகிலா, தொலைவிலா என்று கேட்கிறது. சமையலுக்குத் தனி அறை உண்டா என்று கேட்கிறது. பெண்களின் வேலை நாள் எவ்வளவு நீளம் என்பதை வேலை பற்றிய பக்கத்தைவிட இந்தப் பக்கம் நேர்மையாகச் சொல்லும்.

தலைவர் என்ற சொல்லுக்கு என்ன ஆயிற்று? 1970 வரைக்கும், கணவன் வீட்டில் இருக்கும்போது மனைவி தன்னைத் தலைவர் என்று எழுதினால், கணக்கெடுப்பு அலுவலகம் அதைத் திருத்திக் கணவனைத் தலைவராக்கியது. பெண்கள் எதிர்த்தார்கள். 1980இல் அந்தச் சொல்லே படிவத்திலிருந்து போயிற்று. வீடு யார் பெயரில் சொந்தமோ வாடகையோ, அவர்களில் எவரும் முதல் ஆளாகத் தன் பெயரை எழுதலாம் என்றானது. முதல் கணக்கெடுப்பிலிருந்து இதற்கு 190 ஆண்டுகள்.

மொனோவைக்கு 2020இல் இன்னொன்று நடந்தது. அந்த ஆண்டுக் கணக்கில் ஊரின் மக்கள்தொகை 2. யாரும் குடிவரவில்லை. தனிமனிதர்களை அடையாளம் காண முடியாதபடி, சின்ன ஊர்களின் எண்களில் கணக்கெடுப்புத் துறை வேண்டுமென்றே சிறு பிழைகளைக் கலந்திருந்தது. அதற்குக் காரணம் உண்டு. ஒரே ஆள் வாழும் ஊரில் சராசரி வயது என்பது அவளுடைய வயது. இனப் பரவல் என்பது அவளுடைய இனம். தனியே வாழும் மூதாட்டிகள் எத்தனை சதவீதம் என்பது, எந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு மூதாட்டி தனியே இருக்கிறாள் என்ற தகவல். எண்ணப்படாமல் போவது பெண்களுக்கு ஆபத்து. அம்பலமாகும் அளவுக்கு எண்ணப்படுவதும் ஆபத்து. அவளைக் காக்க அரசு கண்டுபிடித்த வழியோ, அவளோடு இல்லாத ஓர் ஆளைச் சேர்த்து எழுதுவது!

அவள் தனியாகத்தான் இருந்தாளா என்பதும் கேள்வி. சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் சாப்பிடவும் பேசவும் எல்சியின் கடைக்கு வந்தார்கள். வாரத்தில் 6 நாள் அவர் சமைத்தார், பரிமாறினார். ரூடி சேர்த்துவைத்த ஏறத்தாழ 5,000 புத்தகங்களைக் கொண்டு ஒரு சிறு கொட்டகையில் நூலகம் திறந்தார். அது கணவரின் ஆசை. அங்கே வந்துபோன முகங்கள் எந்த அட்டவணையிலும் இல்லை. குடும்பம் பூஜ்யம் என்ற வரிக்கு அருகில் இதை வைத்துப் பாருங்கள்.

நம் பேச்சில் குடித்தனம் வேறு, குடும்பம் வேறு. தனிக்குடித்தனம், ஒண்டுக் குடித்தனம் என்று நாம் நுட்பமாகப் பிரித்துப் பேசுகிறோம். நம் அரசுப் படிவங்கள் இரண்டையும் 'குடும்பம்' என்றே எழுதி, அதன் உச்சியில் ஒரு தலைவரை வைக்கின்றன. 2001 கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சை எடுப்போர், சிறையில் இருப்போர் முதலானோருடன் சேர்த்து உற்பத்தி செய்யாதவர் பட்டியலில் வைத்ததை உச்ச நீதிமன்றம் 2010இல் கண்டித்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் 18 வயதைக் கடந்த மூத்த பெண்ணை ரேஷன் அட்டைக்குத் தலைவராக்கியது. தமிழ்நாட்டில் 2023இல் மகளிர் உரிமைத்தொகை வந்தபோது, குடும்பத் தலைவி யார் என்ற கேள்வி முதன்முறையாக மாதம் 1,000 ரூபாய் பெறுமானம் உள்ள கேள்வியாகித் தெருவுக்கு வந்தது. கணவனை இழந்தவரும் மணமாகாமல் தனித்து வாழ்பவரும் தலைவியாக ஏற்கப்பட்டார்கள். சொல்லை மாற்றினால் பணம் கைமாறும் என்பதை 1862இன் நிலச் சட்டம் காட்டியது. நாம் நேரில் பார்த்தோம்.

2021இல் நடக்க வேண்டிய நம் கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போயிருக்கிறது. குடும்பத் தலைவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சம்பாதிப்பவராகவோ மூத்தவராகவோ இருக்க வேண்டும் என்றும் இல்லை. வீட்டார் யாரைத் தலைவர் என்று ஏற்கிறார்களோ அவர் பெயரே எழுதப்படும். அப்படியானால் அந்த ஒரு வரியை எழுதப்போவது அரசு அல்ல, கதவைத் திறக்கும் நாம். பல வீடுகளில் அப்போது வாசலுக்கு வரப்போவது ஒரு பெண். பல வீடுகளில் படிவத்தோடு நிற்பவரும் ஒரு பெண், பெரும்பாலும் ஒரு பள்ளி ஆசிரியை.

ஒருத்தி கேட்க, இன்னொருத்தி பதில் சொல்லும் அந்த நிமிடத்திலாவது, வீட்டில் யாரும் இல்லை என்று சொல்லாமல் இருப்போம்.