பத்திரிகையாளர் ஒருவர் தொடக்கி வைத்த தொழில்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் காலங்களிலே எமது வீடுகளில் இரண்டே இரண்டு தொழில்களின் பெயர்கள்தாம் உரத்து ஒலிக்கும்: மருத்துவம், பொறியியல். அண்மைக் காலத்தில் கணினியும் கணக்கியலும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. நிலத்தோற்றக் கட்டடக் கலைஞராக வர விரும்புகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், "பூந்தோட்டம் போடுவதற்கா இவ்வளவு படித்தாய்?" என்று கேட்கும் பெற்றோரே பெரும்பான்மையினர். ஆங்கிலத்திலே லான்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் எனப்படும் இத்தொழிலின் வரலாற்றை அறிந்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். அவ்வரலாற்றைச் சொல்வதில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சியொன்றும் உண்டு. இத்தொழிலின் தந்தை எனக் கருதப்படுபவர் எம்மினத்தவர், அதாவது, பத்திரிகையாளர்.

பிரெடெரிக் லோ ஓம்ஸ்டெட் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள ஹார்ட்போர்ட் நகரில் ஒரு வசதியான துணி வணிகரின் மகனாகப் பிறந்தார். யேல் கல்லூரிக்குச் செல்ல ஆயத்தமான வேளையில், நச்சுச் செடியொன்று பட்டு அவரது கண்கள் பாதிக்கப்பட்டன. முறையான உயர்கல்வி அத்துடன் தடைப்பட்டது. பின்னர் அவர் செய்த வேலைகளின் பட்டியலைப் பார்த்தால் எந்தத் தகப்பனுக்கும் நெஞ்சு பதறும். நியூயோர்க்கில் கடை எழுதுநர். 1843இல் சீனாவுக்குச் சென்ற கப்பலிலே கடைநிலை மாலுமி. பின்னர் ஸ்டேட்டன் தீவிலே தந்தையார் வாங்கிக் கொடுத்த பண்ணையில் கமக்காரர். எதிலும் அவர் நிலைக்கவில்லை. தந்தையார் மட்டும் பணம் அனுப்புவதை நிறுத்தவில்லை. அந்தத் தந்தைக்கும் ஒரு சிலை வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1850இல் ஓம்ஸ்டெட் தம் சகோதரருடனும் நண்பர் ஒருவருடனும் இங்கிலாந்தைக் கால்நடையாகச் சுற்றிப் பார்க்கச் சென்றார். லிவர்பூலுக்கு எதிர்க்கரையிலுள்ள பேர்க்கன்ஹெட்டில் ஒரு பேக்கரிக்காரர், எங்கள் ஊர்ப் பூங்காவைப் பார்க்காமல் போகாதீர்கள் என்று வற்புறுத்தினாராம். ஜோசப் பக்ஸ்ரன் வடிவமைத்து 1847இல் திறக்கப்பட்ட அப்பூங்கா பொதுப் பணத்தில் அமைக்கப்பட்டது. பிரபுவும் கூலித் தொழிலாளியும் ஒரே பாதையில் நடக்கக்கூடியது. ஜனநாயக நாடென மார்தட்டும் அமெரிக்காவில் இதற்கு நிகரான ஒன்று இல்லையே என்ற எண்ணம் அவர் மனதிலே ஊன்றியது அங்கேதான்.

இப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1852இல் வெளிவந்தது. அதே ஆண்டில், தொடங்கி ஓராண்டே ஆகியிருந்த நியூயோர்க் டெய்லி டைம்ஸ் பத்திரிகை அவரைத் தென் மாநிலங்களுக்கு அனுப்பியது. அடிமை முறை உண்மையில் எவ்வாறு இயங்குகிறது என்பதை நேரிற் கண்டு எழுதுவதே பணி. 'யோமன்' என்ற புனைபெயரில் அவர் எழுதிய மடல்கள் உணர்ச்சிக் கூச்சல் அற்றவை. பருத்தி விளைச்சல், கூலி, வேலி, வீதி, வயல் என்று தாம் கண்டவற்றைக் கணக்கெடுத்து, அடிமை முறை மனிதத்தன்மைக்கு மட்டுமன்றிப் பொருளாதாரத்துக்கும் கேடானது என நிறுவினார். அக்கட்டுரைகளின் தொகுப்பு 1861இல் உள்நாட்டுப் போர் மூண்ட ஆண்டிலே நூலாக வெளிவந்தது. நிலத்தைப் பார்த்து அதில் வாழும் சமுதாயத்தை வாசிக்கும் பழக்கம் அவருக்கு வரைபலகையில் வந்ததன்று. செய்தியாளரின் குறிப்பேட்டில் வந்தது.

பின்னர் அவர் பங்குதாரராக இருந்த பதிப்பகம் 1857இல் முறிந்தது. 35 வயது, கையிலே காசில்லை. அப்போதுதான் நியூயோர்க்கில் அமைக்கப்படவிருந்த சென்ட்ரல் பூங்காவின் மேற்பார்வையாளர் பதவி கிடைத்தது. அதே ஆண்டு பூங்காவின் வடிவமைப்புக்கான போட்டி அறிவிக்கப்பட்டபோது, இங்கிலாந்திலிருந்து வந்திருந்த கட்டடக் கலைஞர் கல்வேர்ட் வோக்ஸ் அவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். வோக்ஸுக்கு வரையத் தெரியும். ஓம்ஸ்டெட்டுக்கு அந்தப் பாறையும் சேறும் நிறைந்த நிலம் அடி அடியாகத் தெரியும். முப்பதுக்கும் மேற்பட்ட திட்டங்களுள் அவர்களுடையதே தெரிவானது. பூங்காவைக் குறுக்கறுத்து நான்கு வீதிகளாவது செல்ல வேண்டும் என்பது போட்டி நிபந்தனை. இவர்கள் அவ்வீதிகளைத் தரை மட்டத்துக்குக் கீழே பள்ளமாக இறக்கிவிட்டார்கள். குதிரை வண்டிக் காலத்தில் எண்ணிய அந்த ஏற்பாட்டினால்தான் இன்றும் பேருந்துகள் பூங்காவை ஊடறுத்துச் செல்வது நடந்து செல்பவருக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. 843 ஏக்கர் கொண்ட அப்பூங்காவில் இயற்கையாகத் தோன்றும் ஏரிகள் மனிதர் வெட்டியவை. புல்வெளிகளின் கீழே வடிகாற் குழாய்கள் ஓடுகின்றன.

வோக்ஸின் பெயரை இன்று பலர் அறியார். ஒரு வேலைக்கு ஒரே நாயகனைத் தேடுவது எங்கள் பத்திரிகைத் தொழிலின் பழைய வியாதி.

இன்னொரு செய்தியும் உண்டு. அப்பூங்கா வெற்று நிலத்தில் எழுந்ததன்று. அதன் மேற்குப் பகுதியிலே செனகா கிராமம் என்றொரு குடியிருப்பு இருந்தது. ஏறத்தாழ 225 பேர் வாழ்ந்தார்கள், பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். அவர்களுட் பலர் சொந்தக் காணி உடையவர்கள். நியூயோர்க்கிலே கறுப்பின ஆண் ஒருவர் வாக்களிப்பதற்கு 250 டொலர் பெறுமதியான ஆதனம் வேண்டியிருந்த காலம் அது. ஆகவே காணி என்பது அவர்களுக்கு வீடு மட்டுமன்று, குடியுரிமையின் ஒரு பாதியுமாகும். 1857இல் நட்டஈட்டுடன் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பூங்கா நிலம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் ஏறக்குறைய 1,600 பேர் எனக் கணக்கிடப்படுகின்றது. அம்முடிவை எடுத்தது நகர நிருவாகம், ஓம்ஸ்டெட் அல்லர். எனினும் அடிமைகளின் நிலத்தை அவ்வளவு கூர்மையாகப் பார்த்த கண்கள் இந்நிலத்தின் மனிதரைப் பற்றி அதிகம் எழுதவில்லை என்பதையும் குறித்துவைக்க வேண்டும். காணி சுவீகரிப்பு என்ற சொல்லின் பாரம் தெரிந்த எமது வாசகருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இத்தொழிலுக்கு வரும் தமிழ்ப் பிள்ளை எவரும், தம் மேசைக்கு வரும் வரைபடத்தில் வெறுமையாகக் காட்டப்பட்ட இடத்தில் நேற்றுவரை யார் இருந்தார்கள் என்று முதலிற் கேட்க வேண்டும்.

இனிக் கல்விக்கு வருவோம். முறையாகப் படிக்காத ஓம்ஸ்டெட், தம் பின்னவர்கள் முறையாகப் படிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். 1883இல் பொஸ்டனை அடுத்த புரூக்லைனில் அவர் அமைத்த அலுவலகம் ஒரு பள்ளிக்கூடமாகவே இயங்கியது. அங்கே பயின்ற சார்ள்ஸ் எலியட், ஹார்வர்ட் பல்கலைக்கழகத் தலைவரின் மகன். மிகுந்த நம்பிக்கை தந்த அவ்விளைஞர் 1897இல் 37 வயதிலே நோயுற்று இறந்தார். 1899இல் பதினொருவர் கூடி அமெரிக்க நிலத்தோற்றக் கட்டடக் கலைஞர் சங்கத்தைத் தொடங்கினர். 1900இல் ஹார்வர்டில் இத்துறைக்கான முதலாவது பல்கலைக்கழகக் கற்கைநெறி, எலியட்டின் நினைவுடன் ஆரம்பமானது. அதனைப் பொறுப்பேற்றவர் ஓம்ஸ்டெட்டின் மகன். அவருக்குப் பிறப்பில் இட்ட பெயர் ஹென்றி. தம் தொழிலைத் தொடர வேண்டுமென்ற ஆசையில் தந்தையார் அதனை மாற்றித் தம் பெயரையே சூட்டிவிட்டார். பிள்ளைகளின் தொழிலைத் தாமே தீர்மானிக்கும் பெற்றோர் யாழ்ப்பாணத்தில் மட்டும் இருப்பதில்லை.

அப்பதினொருவருள் ஒரே பெண் பியட்றிக்ஸ் ஜோன்ஸ். பின்னாளில் பியட்றிக்ஸ் பரன்ட் எனப் புகழ் பெற்றவர். அவருக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. பொஸ்டனிலுள்ள ஆர்னல்ட் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் சார்ஜன்டிடம் மரங்களைப் பற்றி நேரடியாகக் கற்று, ஐரோப்பியத் தோட்டங்களைப் பார்த்துவந்து தொழிலில் இறங்கினார். ஹார்வர்டின் வடிவமைப்புப் பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1942இலேதான். அதுவரை பெண்களுக்கெனத் தனிப் பள்ளிகள் இருந்தன. 1901இல் குறோட்டனில் தொடங்கிய லோதோர்ப் பள்ளி அவற்றுள் முந்தியது.

எமது நாட்டிலும் இத்தொழில் முறையற்ற வழியிலேதான் நுழைந்தது. றப்பர் தோட்டத்துரையாகவும் ஆளுநர்களின் மெய்க்காப்பதிகாரியாகவும் இருந்த பெவிஸ் பாவா, பேருவளைக்கு அருகே பிரீவ் என்ற தோட்டத்தைப் பல பத்தாண்டுகளாக உருவாக்கினார். வழக்கொன்றின் ஊதியத்தில் தந்தையார் வாங்கிய காணியென்பதால் வழக்கறிஞர் மொழியிலேயே அப்பெயர். அவரது தம்பி ஜெப்ரி பாவா சட்டம் படித்தவர். 1948இல் பெந்தோட்டையில் லுணுகங்கை என்ற றப்பர் தோட்டத்தை வாங்கி மாற்றியமைக்க முனைந்தபோது, ஆசை உண்டு, தொழில்நுட்ப அறிவு போதாது என்பதை உணர்ந்தார். உடனே மாணவரானார். லண்டனிலே படித்துக் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றது 1957இல், 38ஆவது வயதில். லுணுகங்கைத் தோட்டமோ அவர் நோயுறும் வரை ஐம்பது ஆண்டுகள் வளர்ந்துகொண்டே இருந்தது.

கோட்டேயில் 1982இல் திறக்கப்பட்ட நாடாளுமன்றமும் அவர் கைவண்ணமே. சதுப்பு நிலத்தை அகழ்ந்து ஏரியாக்கி, நடுவே தீவில் அதனை நிறுத்தினார். 2010 நவம்பர் மழையில் அந்த நாடாளுமன்றத்துக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. கொழும்பைச் சூழ்ந்த சதுப்பு நிலங்கள் ஆண்டுதோறும் நிரப்பப்பட்டால் நீர் எங்கே போகும்? இதனை ஓம்ஸ்டெட் நூற்றாண்டுக்கு முன்பே பொஸ்டனில் எதிர்கொண்டார். கழிவுநீர் தேங்கி நாறிய சேற்று நிலத்தை, அலையும் வெள்ளமும் ஏறி இறங்கத்தக்க உப்புச் சதுப்பாக மாற்றிப் பூங்காத் தொடரொன்றின் தொடக்கமாக்கினார். 1910இல் ஆற்றுக்கு அணை கட்டியதும் அச்சதுப்பு தன் உப்புத்தன்மையை இழந்தது. தோட்டக் கலைக்கும் இத்தொழிலுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் விளங்கும். 2018இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்கு ஆட்கள் வேண்டும்.

படிக்க விரும்புவோருக்குச் சில செய்திகள். மொறட்டுவப் பல்கலைக்கழகத்தில் நிலத்தோற்றக் கட்டடக் கலைக்கெனவே இளமாணிப் பட்டநெறி உண்டு. உயர்தரப் பெறுபேற்றுடன் உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். விண்ணப்ப முடிவுத் திகதியைத் தவறவிட்டுப் பின்பு வருந்தும் மாணவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். ஆகவே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் பெறுபேறு வருமுன்னரே வாங்கிப் படியுங்கள். புலம்பெயர் நாடுகளிலுள்ளோர், பட்டம் மட்டும் போதாது என்பதை அறிதல் நன்று. அமெரிக்காவில் உரிமம் பெறுவதற்குப் பரீட்சையும் பயிற்சிக் காலமும் உண்டு. பிரித்தானியாவிலே 1929இல் தோன்றிய நிறுவகமே பட்டயத் தகுதியை வழங்குகிறது. தெரிவுசெய்யும் பட்டநெறி அவ்வமைப்புகளால் ஏற்கப்பட்டதா என்பதை முதலிற் பாருங்கள். பல்கலைக்கழகங்களின் பளபளப்பான விளம்பரங்கள் இதைப் பற்றி உரத்துப் பேசுவதில்லை.

படம் வரையத் தெரியாது என்று தயங்குவோர் உளர். வரைதலைக் கற்றுக்கொள்ளலாம். தாவரவியல், மண், நீர், நில அளவை, சிறிது சட்டம், இவையனைத்தும் தேவை. வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மண்ணையும் நீரையும் குடியிருப்பையும் சேர்த்துப் பார்க்கும் முறையை 1969இல் வெளிவந்த நூலொன்றின் மூலம் பரப்பியவர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் இயன் மக்ஹார்க். இன்று அதே வேலையைக் கணினி செய்கிறது. கணினிக்கு எந்தப் படத்தைக் கொடுப்பது என்பதை மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சிக்களம் வாசலிலேயே இருக்கிறது. 1829 முதல் 1867 வரை அரசாங்க அதிபராக இருந்த டைக் துரை மரங்களை நட்டு வளர்த்த பழைய பூங்காவுக்குப் போய், எந்த மரம் எங்கே, ஏன் நிற்கிறது என்று குறித்துப் பாருங்கள். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத அக்குடாநாட்டிலே, சுண்ணக்கல்லின் ஊடாக இறங்கும் மாரி மழையே கிணறுகளை ஊட்டுகிறது. அந்நீரைத் தாங்கி வைக்கும் குளங்களுட் பல குப்பையாலும் கட்டடங்களாலும் தூர்ந்து கிடக்கின்றன. கார்த்திகையில் பெருமழை பெய்த மறுநாட் காலை, ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊரைச் சுற்றி நடவுங்கள். வெள்ளம் எந்த ஒழுங்கையால் வருகிறது, எந்த மதிலில் முட்டித் திரும்புகிறது, எந்தக் குளத்தை அடைய முடியாமல் யார் வீட்டு முற்றத்தில் நிற்கிறது என்று வரைந்து வையுங்கள். உளச்சார்புப் பரீட்சைக்குப் போகும்போது அந்தக் கொப்பியில் எழுதியவை உங்கள் நினைவில் இருக்கட்டும்.