காத்திருப்பும் அன்றாட வாழ்வும்: 1844க்குப் பின் அட்வெந்து இயக்கத்தார்

உலகின் முடிவு அண்மையில் உள்ளது என்று நம்புவோர் அன்றாடக் கடமைகளைக் கைவிட்டுவிடுவர் என்னும் கருத்து பரவலாக உண்டு. அக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தோன்றிய ஓர் இயக்கத்தின்வழி ஈண்டு நோக்குவோம்.

இச்சிக்கல் கிறிஸ்தவ சமயத்தின் தொடக்கத்திலேயே எழுந்ததாகும். கி.பி. 50ஐ ஒட்டிப் பவுல் தெசலோனிக்கேயர்க்கு எழுதிய முதல் நிருபத்தில், சொந்தக் கைகளால் உழைக்க வேண்டும் என்னும் அறிவுரையும் இயேசுவின் இரண்டாம் வருகையைப் பற்றிய ஆறுதலும் ஒரே அதிகாரத்தில் இடம்பெறுகின்றன. இரண்டாம் நிருபம் வேலை செய்யாது திரிவோரை இன்னும் கடுமையாகக் கண்டிக்கிறது. அதனை எழுதியவர் பவுல்தாமா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், கண்டிக்க வேண்டிய நிலை இருந்தது என்பது தெளிவு.

நியூயார்க் மாநிலத்து உழவரான வில்லியம் மில்லர் (1782–1849) 1816இல் வேதாகமத்தை முறையாகக் கற்கத் தொடங்கினார். தானியேல் ஆகமத்தின் 2300 நாள்களை ஆண்டுகளாகக் கொண்டு, கி.மு. 457இலிருந்து எண்ணி, 1843ஐ ஒட்டி இயேசு வருவார் என்னும் முடிவிற்கு அவர் வந்தார். 1831இல் பொதுவில் பேசத் தொடங்கினார். குறித்த காலம் கடந்தபின், சாமுவேல் ஸ்னோ என்பார் 1844 அக்டோபர் 22 என ஒரு நாளையே வரையறுத்தார். மில்லர் அந்நாளை ஏற்றது அம்மாதத் தொடக்கத்தில்தான்.

அந்நாளுக்கு முந்திய வாரங்களில் கடைகளை மூடியோரும் அறுவடையைக் கைவிட்டோரும் இருந்தனர். பழைய கடன்களைத் தேடிச்சென்று தீர்த்தவர்களும் இருந்தனர் என்பதை வரலாற்று நூல்கள் பல போதிய அழுத்தத்துடன் கூறுவதில்லை. மாறாக, வெண்ணிற அங்கி உடுத்திக் குன்றுகளின் மீது நின்றனர் என்னும் கதையே பெரிதும் பரவியது. அக்கதைக்குத் தக்க சான்றில்லை என்பதை 1944இல் வெளிவந்த தமது நூலில் பிரான்சிஸ் நிக்கல் விரிவாக எடுத்துரைத்தார். அவர் அச்சபையைச் சார்ந்தவர் என்பதை மனத்தில் கொண்டு படித்தாலும், அவர் காட்டும் சான்றுகள் வலுவானவை என்பதே நம் கருத்து.

நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த லியோனார்டு ஹேஸ்டிங்ஸ் தம் நிலத்து உருளைக்கிழங்கைத் தோண்டாமலே விட்டதாக அவ்வியக்கத்தாரின் நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. அவ்வாண்டு, முன்னரே தோண்டிய அண்டையாரின் கிழங்குகள் அழுகல் நோயால் கெட்டன. பிந்தித் தோண்டிய அவருடையவை கெடவில்லையாம். நம்பிக்கை பொய்த்தவர்க்குக் கிழங்கேனும் மிஞ்சியது!

அக்டோபர் 22 கடந்தது, இயக்கம் சிதறியது. நமக்கு முதன்மையானது இதற்குப் பிந்திய காலமே. நாள் குறிப்பதைக் கைவிட்டு, வருகை அண்மையில் உண்டென்ற நம்பிக்கையை மட்டும் தக்கவைத்துக்கொண்ட ஒரு சிறு குழுவினர், சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டனர். எப்படி வாழ்வது என்னும் வினா அவர்கள்முன் மிக நடைமுறையான வடிவங்களில் எழுந்தது. திருமணம் செய்யலாமா? திருமணம் வருகை நம்பிக்கையை மறுப்பதாகும் என்னும் பொருள்பட 1845இல் எழுதிய ஜேம்ஸ் ஒயிட், 1846 ஆகஸ்டில் எலன் ஹார்மனை மணந்தார். இதனை முரண்பாடு எனக் கடிந்து ஒதுக்குவது எளிது. காத்திருப்பு நீண்டபோது துணையும் இல்லறமும் இன்றியமையாதன ஆயின என்று கொள்வதே பொருத்தம்.

சொத்துரிமை பற்றிய வினா இதனினும் கடினமாக இருந்தது. இயக்கத்தின் அச்சகம் ஜேம்ஸ் ஒயிட்டின் சொந்தப் பெயரிலேயே இருந்தது. அவர் இறந்தால் அது யாருக்கு உரியது? சட்டப்படி பதிவு செய்வது அழியவிருக்கும் உலக அரசோடு இணைவதாகும் எனச் சிலர் எதிர்த்தனர். ஈராயிரம் ஆண்டுச் சமயப் பூசல் ஓர் அச்சு இயந்திரத்தின் உரிமைப் பத்திரத்தில் வந்து நின்றது எனலாம். 1860இல் மிச்சிகனின் பேட்டில் கிரீக்கில் கூடி ‘ஏழாம் நாள் அட்வெந்து’ என்னும் பெயரைத் தெரிந்தனர். அட்வெந்து என்பதற்கு வருகை என்பது பொருள். 1861இல் அச்சகம் சட்டப்படி பதிவாயிற்று. 1863இல் பொது அமைப்பு உருவாயிற்று.

அடுத்து உடல்நலம். ஊழியர் பலர் நோயுற்றிருந்தனர். ஜேம்ஸ் ஒயிட்டும் 1865இல் பக்கவாதத்தால் தாக்குண்டார். 1866இல் பேட்டில் கிரீக்கில் நலவாழ்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. 1876இல் அதன் பொறுப்பேற்ற ஜான் ஹார்வி கெல்லாக், தம் தம்பியுடன் சேர்ந்து 1894இல் தானியத்தை மெல்லிய செதில்களாக்கும் முறையைக் கண்டார். இன்று நம் காலை உணவு மேசைகளில் காணும் சோளச் செதில்களின் மூலம் அதுவே. கெல்லாக் 1907இல் சபையிலிருந்து நீக்கப்பட்டார் என்பது தனிக்கதை. எலன் ஒயிட்டோ ஆஸ்திரேலியாவின் கூரன்பாங்கில் 1890களில் பழத்தோட்டம் அமைத்தார். உலகம் விரைவில் முடியும் என எழுதிவந்தவர், காய்க்கப் பல ஆண்டு பிடிக்கும் மரங்களை நட்டார்.

நம் பகுதிக்கும் இவ்வியக்கம் வந்தது. அட்வெந்து ஊழியர் 1904இல் சிங்கப்பூரில் பணி தொடங்கினர். 1908இல் ஜே. எஸ். ஜேம்ஸ், திருநெல்வேலிப் பகுதியிலுள்ள நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் குடியேறினார். அங்குச் சட்டம்பிள்ளை எனப்பட்ட அருமைநாயகம் 1857இல் நிறுவிய இந்து கிறிஸ்தவ சபையார், ஏற்கெனவே சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கடைப்பிடித்து வந்திருந்தனர். பினாங்கில் 1924இல் இச்சபையார் ஒரு சிறு மருந்தகம் திறந்தனர். அதுவே வளர்ந்து பினாங்கு அட்வெந்திஸ்ட் மருத்துவமனையாகி, எல்லாச் சமயத்தார்க்கும் இன்றும் மருத்துவம் செய்துவருகிறது.