விலாசத்திலிருந்து பாடநூலுக்கு: செட்டிநாட்டில் பிள்ளைகளுக்கு வரலாறு சொன்ன வழிகள்

வரலாறு ஒரு தனிப் பாடமாகச் செட்டிநாட்டுப் பள்ளிகளுக்குள் வந்தது ஆங்கிலேயர் ஆட்சியில்தான். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டுத் திரட்டிய கணக்கில் மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருந்தன. இவற்றுள் தமிழகத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகினார்கள். அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, நிகண்டு என மனப்பாடம் செய்தார்கள். அரசர்களின் வரிசைக்கு அங்கே இடமில்லை. ஆனாலும் முன்னோர் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் வேலை தடையின்றி நடந்தது. வீடும் ஊர்ப் பொதுவும் அதைப் பார்த்துக்கொண்டன.

நாட்டுக்கோட்டைச் செட்டியார் எனப்படும் நகரத்தார் வீட்டுப் பிள்ளைக்கு அவன் பெயரே முதல் வரலாற்றுப் பாடம். ஐயாவின் பெயர் பேரனுக்கும், அப்பத்தாவின் பெயர் பேத்திக்கும் இடப்பட்டது. பெயருக்கு முன்னால் நிற்கும் விலாச எழுத்துகள் தந்தை, பாட்டன் என்று தலைமுறைகளை மேலே ஏற்றிக் காட்டின. இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி முதலான ஒன்பது நகரக் கோயில்களுள் தான் எதைச் சேர்ந்தவன் என்பதும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே கோயிலின் ஒரே பிரிவைச் சேர்ந்தோர் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை. எனவே குலவரலாறு நாளை நடக்கப்போகும் திருமணத்துக்குத் தேவையான அறிவாக இருந்தது. முன்னோரை வழிபடும் படைப்பு நாளில் பங்காளிகள் கூடும்போது மறைந்தவர்களின் பெயர்கள் பேச்சில் வந்தன. காவிரிப்பூம்பட்டினத்தை விட்டுப் பாண்டிநாட்டில் குடியேறிய கதையும் இப்படித்தான் தலைமுறை தாண்டி வந்தது. அதைச் சான்றுகளோடு ஒப்பிட்டுச் சோதிப்பது ஆய்வாளர் கடமை. ஆனால் எழுதாமலே இத்தனை தலைமுறைக்கு ஒரு நினைவைக் கடத்திய கற்பித்தல் முறை என்ற வகையில் இதற்கு இணையாகப் பள்ளி எதையும் தரவில்லை என்பது என் கருத்து.

சிவகங்கைச் சீமையின் கதையை ஊர்ப் பொது சுமந்தது. 1772இல் காளையார்கோயிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் வீழ்ந்ததும், அவர் மனைவி வேலுநாச்சியார் 1780இல் சீமையை மீட்டதும், மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதும் இப்பகுதி மக்கள் நினைவில் வாழ்ந்த செய்திகள். மருதுபாண்டியரின் கதை கும்மியாகவும் அம்மானையாகவும் பாடப்பட்டது. காரைக்குடி அருகே சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் 1959இல் ‘சிவகங்கைச் சீமை’ திரைப்படத்தைத் தயாரித்தார். வரலாற்றறிஞர் கே. ராஜய்யன் 1800–1801 கிளர்ச்சியை முதல் விடுதலைப் போராக நிறுவி எழுதிய ஆங்கில நூல் 1971இல்தான் வெளிவந்தது. தமிழ்நாட்டின் புதிய பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் வேலுநாச்சியார், அவர் படையின் குயிலி, மருது சகோதரர்கள் ஆகியோர் விரிவாக இடம்பெற்றுள்ளனர். பாட்டு முதலில், திரைப்படம் அடுத்து, ஆய்வு அதன்பின், பாடநூல் கடைசி. இந்த வரிசையை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும்.

தேசத்தின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னவர்களிலும் இம்மண்ணின் மக்கள் முன்னே நின்றார்கள். இராயவரத்தில் 1922இல் பிறந்த அழ. வள்ளியப்பா ‘பாட்டிலே காந்தி கதை’ எழுதினார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். வரலாற்றைப் பாடும்படி தந்தால் குழந்தைக்கு அது பாரமாகாது என்று அவர் கண்டது பழைய கும்மி மரபின் தொடர்ச்சியே.

இத்தனை வழிகள் இருந்தும் செட்டிநாட்டின் மையமான வரலாறு ஒன்று பிள்ளைகளுக்கு அரைகுறையாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. அது பர்மாவில் நகரத்தார் வட்டித் தொழில் செய்த வரலாறு. மீசை முளைக்கும் முன்பே பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, பிறகு அடுத்தாளாகி, ஏஜெண்டாகி உயர்ந்தவர்களின் உழைப்பை வீடு சொன்னது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்புக்குத் தப்பிக் கால்நடையாகத் திரும்பியோரின் துயரத்தையும் சொன்னது. மறுபக்கத்தைச் சொல்லவில்லை. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ 6 விழுக்காடு நிலமே செட்டியார்களிடம் இருந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்து, கடன் திரும்பாமல், அடமான நிலங்கள் கைமாறியதில் 1938க்குள் அது சுமார் 25 விழுக்காடானது. வட்டித் தொழில் செய்தவர்கள் விரும்பியது பணத்தையே. நிலம் அவர்களுக்குச் சுமைதான். ஆனால் நிலமிழந்த பர்மிய உழவனுக்கு அந்த விளக்கம் ஆறுதல் ஆகாது. பர்மியத் தேசிய நினைவில் செட்டியார் நிலம் பறித்தவராகவே நிற்கிறார்.

இருபக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வழி உண்டு: இரண்டு உலகப் போர்களில் மோதிக்கொண்ட ஜெர்மனியும் பிரான்சும் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரே வரலாற்றுப் பாடநூலை எழுதி, 2006இல் இரு மொழிகளிலும் வெளியிட்டன. பர்மாவோடு அத்தகைய நூல் உடனே வரும் சூழல் இல்லை. ஆனால் இருபக்கக் கதையையும் காரைக்குடி வகுப்பறையில் வைக்க யார் அனுமதியும் வேண்டியதில்லை. சான்றுகள் வீடுகளிலேயே உள்ளன: பேரேடு, ஐந்தொகை, கடிதக் கட்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராக நூல்களையும் இதழ்களையும் திரட்டியதால்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஓர் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. வீடுகளுக்கு அந்த அக்கறை கிடைக்கவில்லை. 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டின் பாணியில் கட்டி, சங்ககாலத்தை மாணவர்களுக்குக் காட்டுகிறது அரசு. அசல் செட்டிநாட்டு வீடுகளோ இடிபட்டு, தூண்களும் நிலைகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விற்பனைக்கு நிற்கின்றன.

வீட்டில் பர்மா, மலேயா, இலங்கைக் கணக்கேடுகள் வைத்திருப்போர் அவற்றை எடைக்குப் போடாதீர்கள். அருகிலுள்ள பள்ளியின் வரலாற்று ஆசிரியரிடம் ஒருமுறை காட்டுங்கள். பிள்ளைகள் அதைத் தொட்டுப் படிக்கட்டும்.