கொடிமரத்தடியில் புதைந்த மொழி

1954ஆம் ஆண்டு, டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஃபா என்ற சிற்றூர். மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த பிளாக்வெல் பள்ளியில் ஒரு சவ அடக்கம் நடந்தது. மாணவர்கள் ஸ்பானிஷ் சொற்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிப் பெட்டிக்குள் போட்டார்கள். பெட்டி கொடிமரத்தருகே புதைக்கப்பட்டது. ‘மிஸ்டர் ஸ்பானிஷ்’ இறந்துவிட்டார். இனிப் பள்ளியில் ஆங்கிலம் மட்டுமே.

இந்தச் சடங்குக்குப் பின்னால் சட்டத்தின் பலம் இருந்தது. டெக்சாஸ் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் அல்லாத மொழியில் பாடம் நடத்துவதை 1918ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. வீட்டில் ஸ்பானிஷ் மட்டும் கேட்டு வளர்ந்த ஆறு வயதுக் குழந்தை, முதல் நாளே புரியாத மொழியில் எழுத்தும் கணக்கும் படித்தாக வேண்டும். பலர் முதல் வகுப்பிலேயே தேங்கினர். மொழி தெரியாததை மந்தபுத்தி என்று முடிவுகட்டியதுதான் அந்தக் காலத்தின் பெருங்கொடுமை.

இதற்கு விடை தேடியவர் ஃபெலிக்ஸ் டிஹெரினா. ஹூஸ்டன் உணவகம் ஒன்றில் மேசை துடைக்கும் வேலையில் தொடங்கி, ஆங்கிலம் கற்று, பின்னாளில் சொந்த உணவகங்கள் நடத்தியவர். மெக்சிக்க அமெரிக்கர்களின் உரிமைகளுக்காக இயங்கிய ‘லுலாக்’ அமைப்பின் தேசியத் தலைவராகவும் இருந்தார். முதல் வகுப்பில் சேருமுன் பிள்ளைகளுக்கு அடிப்படையான 400 ஆங்கிலச் சொற்களைக் கற்பித்துவிட வேண்டும் என்பது அவர் திட்டம். 1957 கோடையில் கனாடோ என்ற ஊரில் இத்திட்டத்தின் முதல் பயிற்சி வகுப்பு தொடங்கியது. பாடம் நடத்திய இசபெல் வெர்வெருக்கு அப்போது வயது 17. அவரே இன்னும் பள்ளி மாணவி! இரண்டே ஆண்டுகளில், 1959இல், டெக்சாஸ் சட்டமன்றம் இத்தகைய முன்பருவ வகுப்புகளுக்கு அரசு நிதி வழங்கச் சட்டம் இயற்றியது.

நானூறு சொற்கள் ஒரு குழந்தைக்கு எம்மட்டும் உதவும்? தண்ணீர் கேட்கலாம், பெயர் சொல்லலாம், ஆசிரியர் சொல்வதைப் பின்தொடரலாம். முதல் நாளின் திகில் தணியும். அது சிறிய காரியமல்ல. ஆனாலும் வகுப்பறை மாறவில்லை. குழந்தைதான் அதற்கேற்ப மாற வேண்டியிருந்தது.

வகுப்பறையையே மாற்றிப் பார்த்தது ஃபுளோரிடா. கியூபப் புரட்சிக்குப் பின் அகதிக் குடும்பங்கள் மியாமியில் வந்து குவிந்தன. அங்குள்ள கோரல் வே தொடக்கப் பள்ளியில் 1963 முதல் கியூபப் பிள்ளைகளும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளும் இரண்டு மொழிகளிலும் படித்தார்கள். ஸ்பானிஷ் அங்கே ஒளித்துவைக்க வேண்டிய குறையாக இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையும் கற்கவேண்டிய பாடமாக இருந்தது.

1968 ஜனவரி 2 அன்று, டெக்சாஸ் செனட்டர் ரால்ஃப் யார்பரோ முன்னெடுத்த இருமொழிக் கல்விச் சட்டத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவரும் டெக்சாஸின் கொட்டுல்லாவில் ஏழை மெக்சிக்கப் பிள்ளைகளின் ஆசிரியர். தம் சம்பளத்தில் அவர்களுக்கு விளையாட்டுச் சாமான்கள் வாங்கிக் கொடுத்தவர், விளையாட்டுத் திடலில்கூட ஸ்பானிஷ் பேசவிடவில்லை. பிள்ளைகள் மேல் உள்ள பாசமும் அவர்கள் மொழி மேல் உள்ள தடையும் ஒரே மனத்தில் குடியிருந்த காலம் அது.

டெக்சாஸ் 1969இல் இருமொழிக் கற்பித்தலை அனுமதித்தது. 1973இல் ஒரே வகுப்பு நிலையில் போதிய எண்ணிக்கையில் ஆங்கிலம் சரிவரத் தெரியாத பிள்ளைகள் இருந்த பள்ளி மாவட்டங்களில் அதைக் கட்டாயமாக்கியது.

2007இல் பிளாக்வெல் பள்ளியின் பழைய மாணவர்கள், தலை நரைத்தவர்களாக, மார்ஃபாவில் மீண்டும் கூடினார்கள். இம்முறை மண்ணைத் தோண்டி, புதைத்த மொழியின் அடையாளமாக ஒரு ஸ்பானிஷ் அகராதியை வெளியே எடுத்தார்கள்.